கிங்ஸ்லி பிளாண்டேஷனைப் பார்க்கப் போகிறீர்களா? வழி, செலவு, நேரம், ஆவணம்

அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் பழைய அடிமைத் தோட்டம் ஒன்றைப் பார்க்கலாம் என்று கூகுளில் தேடினால், முதலில் வந்து விழுபவை பெரும்பாலும் தனியார் இடங்கள்தான். வெள்ளைத் தூண் வைத்த மாளிகை, பூந்தோட்டம், கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிறோம் என்ற விளம்பரம், தலைக்கு இத்தனை டாலர் என்று டிக்கெட். அரசாங்கம் பொதுப் பூங்காவாக வைத்துப் பராமரிக்கும் தோட்டங்கள் பட்டியலில் எங்கோ கீழே கிடக்கும். அவற்றில் ஒன்று ஃப்ளோரிடாவில், ஜாக்சன்வில் நகர எல்லைக்குள் ஃபோர்ட் ஜார்ஜ் தீவில் இருக்கும் கிங்ஸ்லி பிளாண்டேஷன். மத்திய அரசின் பூங்காத் துறையான நேஷனல் பார்க் சர்வீஸ் நடத்தும் இடம். நுழைவுக் கட்டணமே கிடையாது.

இலவசம் என்பதால் சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். திறக்கும் நாளை ஒரு தளம் ஒரு மாதிரி சொல்லும், இன்னொன்று வேறு மாதிரி சொல்லும். மேப் காட்டும் படகு அன்றைக்கு ஓடாமல் இருக்கும். வீட்டுக்குள் போக முன்பதிவு வேண்டும் என்பது வாசலில் நிற்கும்போதுதான் தெரியவரும். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போக, இதையெல்லாம் துண்டு துண்டாகத் தேடி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நீங்களும் அதே பாடு படவேண்டியதில்லை.

1. எந்தத் தோட்டம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

இந்தக் கட்டுரை கிங்ஸ்லியைப் பற்றியது. நீங்கள் இருக்கும் ஊரைப் பொறுத்து வேறொன்று பக்கமாக இருக்கலாம். தென் கரோலைனாவின் சார்ல்ஸ்டன் பக்கம் என்றால் மெக்லௌட் பிளாண்டேஷன். அதை அந்த மாவட்டத்தின் பூங்கா அமைப்பு நடத்துகிறது. கட்டணம் உண்டு, ஆனால் வழிகாட்டியோடு சுற்றுவதும் அதிலேயே அடக்கம். ஜார்ஜியாவின் சவானாவில் வார்ம்ஸ்லோ, மாநில அரசின் இடம், அதற்கும் டிக்கெட் உண்டு. ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையில் எலன்டன் ஊரில் கேம்பிள் பிளாண்டேஷன் இருக்கிறது. அங்கே பூங்காவைச் சுற்றிப் பார்க்கக் காசு வேண்டாம், வீட்டுக்குள் போகத் தனிக் கட்டணம்.

ஒரே ஒரு இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் என் வாக்கு கிங்ஸ்லிக்கே. மற்ற பல இடங்களில் முதலாளியின் வீடு நிற்கும், வேலை செய்தவர்களின் குடில்கள் மண்ணோடு மண்ணாகப் போயிருக்கும். இங்கே அடிமைகள் வாழ்ந்த 32 குடில்களில் 25 இன்னும் நிற்கின்றன. சுவர்கள்தான், கூரை இல்லை. ஆனாலும் நிற்கின்றன.

2. நாளைக் குறியுங்கள்

கடைசியாக நான் பார்த்தபோது புதன் முதல் ஞாயிறு வரை, காலை 9 முதல் மாலை 5 வரை திறந்திருந்தது. திங்களும் செவ்வாயும் மூடல். பழைய பயணக் குறிப்புகள் பலவற்றில் ‘தினமும் திறந்திருக்கும்’ என்றே இன்னும் இருக்கிறது, அதை நம்பி திங்கட்கிழமை லீவு போட்டுவிடாதீர்கள். நன்றி தெரிவிக்கும் நாள், கிறிஸ்துமஸ், புத்தாண்டு ஆகிய மூன்று நாளும் எந்தக் கிழமையில் வந்தாலும் மூடியிருக்கும்.

கிளம்புவதற்கு முந்தைய இரவு நேஷனல் பார்க் சர்வீஸின் தளத்தில் ‘டிமூக்வன்’ பகுதியைத் திறந்து, மேலே சிவப்பிலோ மஞ்சளிலோ எச்சரிக்கைப் பட்டை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். டிமூக்வன் சூழலியல் மற்றும் வரலாற்றுக் காப்பகம் என்ற பெரிய பூங்காவின் ஒரு துண்டுதான் கிங்ஸ்லி. கிங்ஸ்லி என்று மட்டும் தேடிப் பார்க்கிறவர்களுக்கு அந்த எச்சரிக்கை கண்ணில் படாது. புயல், சாலைப் பழுது, கட்டடப் பராமரிப்பு என்று எதற்கும் மூடுவார்கள். வாஷிங்டனில் பட்ஜெட் இழுபறி நடந்து மத்திய அரசு அலுவலகங்கள் முடங்கும் நாட்களில் இதுவும் மத்திய அரசின் இடம் என்பதை நினைவில் வையுங்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயிலும் புழுக்கமும் ஒரு பக்கம், மத்தியானமானால் இடி மழை இன்னொரு பக்கம். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம் வேறு. கோடை லீவில்தான் பெற்றோர் வந்திருக்கிறார்கள், வேறு வழியில்லை என்றால் காலை 9 மணிக்கு வாசலில் இருங்கள். பதினொன்றரைக்குள் வெளியே வந்துவிடுங்கள்.

எவ்வளவு நேரம் வேண்டும்? அவசரக்காரர்கள் முக்கால் மணியில் முடித்துவிடுவார்கள். பலகைகளைப் படித்து, குடில்களை நின்று பார்த்து, நதிக்கரையில் கொஞ்சம் உட்கார்ந்து வர இரண்டரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

3. கையில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள்

பூங்கா வாசலில் யாரும் எந்த அட்டையும் கேட்பதில்லை. டிக்கெட்டும் இல்லை. ஆவணமெல்லாம் பயணத்துக்காகத்தான்.

விசாவில் வந்திருக்கும் பெரியவர்கள்: அமெரிக்கக் குடிமக்கள் அல்லாத, 18 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் தங்கள் பதிவு ஆவணத்தை உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். வருகையாளர்களுக்கு அது ஐ-94 என்ற வருகைப் பதிவு. சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்தால் இலவசமாகக் கிடைக்கும். ஒரு பிரதி அச்செடுத்து அம்மாவின் கைப்பையில் வைத்துவிடுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ‘ஐ-94 எடுத்துத் தருகிறோம்’ என்று பணம் வாங்கும் தனியார் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். முகவரி அரசுத் தளத்துக்குரிய டாட் கவ் (.gov) என்று முடிகிறதா பாருங்கள். கிரீன் கார்டு உள்ளவர்கள் அந்த அட்டையையே எடுத்துச் செல்ல வேண்டும்.

வண்டி ஓட்டுகிறவர்: இந்திய ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்தில் இருந்தால் சுற்றுலா வந்தவர் ஃப்ளோரிடாவில் அதை வைத்து ஓட்டலாம். ஆனால் வாடகைக் கார் நிறுவனம் தன் விதிப்படி சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கேட்கலாம். அதை ஊரில் ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு வருவதுதான் நல்லது. இங்கே வந்தபிறகு ஓடுவது தலைவலி. ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும். டெபிட் கார்டை நீட்டினால் பல கவுண்டர்களில் முகம் மாறும், முன்பணமும் கூடும்.

குழந்தை இருந்தால்: ஃப்ளோரிடாவில் ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ற கார் சீட்டோ பூஸ்டரோ கட்டாயம். வாடகை நிறுவனத்தில் அதற்கு நாள் கணக்கில் காசு. நண்பர் வீட்டில் கடன் வாங்குங்கள்.

இன்னொன்று, நேஷனல் பார்க் ஆண்டுப் பாஸ் வாங்கினால்தான் உள்ளே விடுவார்களோ என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். 2026 முதல் அந்தப் பாஸ் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு 250 டாலர். கிங்ஸ்லிக்காக அதை வாங்குவது வீண் செலவு. இதே பயணத்தில் செயின்ட் அகஸ்டினில் உள்ள காஸ்டிலோ டி சான் மார்க்கோஸ் கோட்டைக்குப் போனாலும் பெரியவர் ஒருவருக்கு 15 டாலர்தான், 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம்.

4. போகும் வழி: பாலமா, படகா?

பஸ் கிடையாது. ஊபரில் போய் இறங்குவது முடியும், திரும்பி வர வண்டி பிடிப்பதுதான் பெரும்பாடு. தீவில் சிக்னல் நிலையாக நிற்காது, அவ்வளவு தூரம் வர ஓட்டுநரும் யோசிப்பார். சொந்தக் காரோ வாடகைக் காரோ இருக்க வேண்டும். ஜாக்சன்வில் நகர மையத்திலிருந்து அரை மணி நேரத்தை ஒட்டி ஆகும். ஆர்லாண்டோவிலிருந்து இரண்டரை மணி நேரம், சவானாவிலிருந்து இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பால வழி: ஐ-95 நெடுஞ்சாலையில் வருகிறவர்கள் ஹெக்ஷர் டிரைவ் என்ற சாலைக்கு இறங்கி, கிழக்கே கடலை நோக்கிப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நகரின் தென்கிழக்குப் பக்கம் இருப்பவர்கள் ஐ-295இல் டேம்ஸ் பாயின்ட் பாலத்தைக் கடந்து அதே ஹெக்ஷர் டிரைவைப் பிடிக்கலாம். வலப்பக்கம் படகுத்துறை வரும். அதைத் தாண்டி அரை மைலில் இடப்பக்கம் ஃபோர்ட் ஜார்ஜ் தீவுக்குத் திரும்பும் வழி. வேகமாக வந்தால் தவறவிடுவீர்கள், படகுத்துறையைக் கண்டதும் வேகத்தைக் குறையுங்கள்.

படகு வழி: ஜாக்சன்வில் கடற்கரைப் பக்கம் தங்கியிருப்பவர்களுக்கு மேபோர்ட்டிலிருந்து காரோடு ஏறும் செயின்ட் ஜான்ஸ் நதிப் படகு இருக்கிறது. நகரப் போக்குவரத்து ஆணையம் நடத்துகிறது. அரை மணிக்கு ஒரு தடவை: மேபோர்ட்டிலிருந்து முழு மணிக்கும் அரை மணிக்கும், எதிர்க்கரையிலிருந்து காலுக்கும் முக்காலுக்கும் கிளம்பும். நதியைக் கடக்கச் சில நிமிடம்தான். பிள்ளைகளுக்கு இதுதான் அன்றைய முக்கிய நிகழ்ச்சியாக இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கடற்படைக் கப்பல்கள் தெரியும், அதிர்ஷ்டம் இருந்தால் டால்ஃபின் தெரியும்.

படகு வழியில் இரண்டு பொறிகள். ஒன்று, பராமரிப்புக்காகப் படகைக் கரையேற்றினால் வாரக்கணக்கில் சேவை நிற்கும். மேப் ஆப் அதைச் சில நேரம் கண்டுகொள்ளாமல் உங்களைத் துறைக்கே கொண்டுபோய் நிறுத்தும். அங்கிருந்து பாலத்தைச் சுற்றி வர முக்கால் மணி நேரம் கூடுதல். கிளம்புவதற்கு முன் ஆணையத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள். இரண்டாவது, மேபோர்ட் சாலையில் நேராகவே போனால் கடற்படைத் தளத்தின் வாசலில் போய் நிற்பீர்கள். ஏ1ஏ சாலைக்கான பலகையைப் பின்பற்றி இடப்பக்கம் பிரிய வேண்டும். கடற்படை வாசலில் காவலர் மரியாதையாகத்தான் திருப்பி அனுப்புவார், என்றாலும் பின்சீட்டில் விசாவில் வந்த பெற்றோரை வைத்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்பது யாருக்கும் இனிமையான அனுபவமில்லை.

தீவுக்குள் நுழைந்தபின் பாதை குறுகும், தார் போடாத மண்பாதையும் வரும். சாதாரணக் கார் தாராளமாகப் போகும். மழை பெய்த மறுநாள் பள்ளங்களில் தண்ணீர் நிற்கும், பார்த்து மெல்ல ஓட்டுங்கள். இருபக்கமும் மரங்கள் கவிந்து, கிளைகளில் ஸ்பானிஷ் பாசி சாம்பல் தாடியாகத் தொங்கும். எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும்.

5. செலவு

நுழைவு இலவசம், பார்க்கிங் இலவசம், கழிப்பறை இலவசம். படகில் போனால் காருக்கு ஏழு டாலரை ஒட்டி, ஒரு தடவைக்கு. போக வர இரட்டிப்பு. நான் சொல்வது போகும்போது படகு, வரும்போது பாலம். சில்லறையாக டாலர் நோட்டுகள் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பத்தியில் ஏன் என்று தெரியும்.

மீதி பெட்ரோலும் சாப்பாடும்தான். கட்டணம் வாங்கிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றிக் காட்டும் சுற்றுலா பஸ்களும் படகுகளும் விளம்பரத்தில் வரலாம். அதில் தவறில்லை, ஆனால் நீங்கள் கொடுப்பது போக்குவரத்துக்கான காசு, உள்ளே நுழைவதற்கானது அல்ல.

6. பையில் என்னென்ன

கொசு மருந்து. இதை மட்டும் மறக்கவே கூடாது. சுற்றிலும் உப்பங்கழிச் சதுப்பு. கொசு போதாதென்று கண்ணுக்கே தெரியாத மணற்கொசு ஒன்று இருக்கிறது. கடித்த இடம் மூன்று நாளைக்கு அரிக்கும். கணுக்கால் வரை மூடும் உடையும் மூடிய செருப்பும் போடுங்கள். வேட்டி, சேலையில் வருகிற பெரியவர்களுக்குக் கணுக்காலில் மருந்தைத் தாராளமாகத் தடவிவிடுங்கள்.

சாப்பாடு உள்ளே எதுவும் கிடைக்காது. ஒரு டீ கூட இல்லை. தண்ணீர், தயிர்சாதம், புளிசாதம் எது வசதியோ கட்டிக்கொண்டு போங்கள். குப்பையை மட்டும் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். மசாலா சாமான் வாங்க வேண்டும், சைவ ஓட்டல் வேண்டும் என்றால் நகரின் தெற்கே பேமெடோஸ் பக்கம் போக வேண்டும். அது இங்கிருந்து தூரம், போகிற வழியிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் வைஃபை இருக்கும்போதே நேஷனல் பார்க் சர்வீஸின் ஆப்பை இறக்கி, டிமூக்வன் பகுதியை ஆஃப்லைனில் சேமித்துவிடுங்கள். ஆப் இலவசம்.

7. உள்ளே: குடில்களில் தொடங்குங்கள்

இந்த வரிசை முக்கியம். பெரும்பாலானவர்கள் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

மண்பாதை மரங்களுக்குள்ளிருந்து வெளியே வரும் இடத்தில், பாதையின் இரு பக்கமும் அரைவட்டமாகக் குட்டிக் குட்டிச் சுவர்கள் நிற்கும். அவைதான் அடிமைக் குடில்கள். கார் அவற்றின் நடுவே புகுந்து நேராகப் பெரிய வீட்டின் பக்கமுள்ள பார்க்கிங்குக்குப் போய்விடும். இறங்கியவர்கள் வெள்ளை வீட்டைப் பார்த்ததும் அங்கே ஓடுவார்கள், நதியைப் பார்த்து செல்ஃபி எடுப்பார்கள், அதற்குள் வெயில் ஏறிவிடும். ‘அந்த இடிஞ்ச சுவரெல்லாம் வரும்போதே பார்த்தாச்சே’ என்று காரில் ஏறிவிடுவார்கள். பார்க்க வேண்டியதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் எண்ணிக்கை எக்கச்சக்கம்.

நீங்கள் காரை நிறுத்திவிட்டு, வந்த வழியே ஏறத்தாழ 1000 அடி திரும்பி நடங்கள். காலை வெயில் இளசாக இருக்கும்போதே குடில்களை முடித்துவிடலாம், அங்கே நிழல் குறைவு.

சுவரின் அருகே போய்ப் பாருங்கள், தொடாமல். டாபி என்று இதற்குப் பெயர். சிப்பியைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு, மணல், தண்ணீர், அதோடு சுடாத முழுச் சிப்பிகள். எல்லாவற்றையும் கலந்து மரப்பலகை அச்சுக்குள் கொட்டி, காய்ந்தபின் பலகையை உயர்த்தி அடுத்த அடுக்கைக் கொட்டுவார்கள். நம் கடற்கரை ஊர்களில் கிளிஞ்சல் சூளையைப் பார்த்தவர்களுக்குப் பாதி வேலை உடனே புரிந்துவிடும். ஒவ்வொரு அடுக்கும் முடிந்த இடத்தில் படுக்கையாக ஒரு கோடு இன்றும் தெரிகிறது. சிப்பிகளின் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டு கூராக நிற்கிறது. சிப்பி அள்ளியவர்கள், சுட்டவர்கள், கொட்டியவர்கள் எல்லாரும் இந்தக் குடில்களுக்குள் அடைந்து கிடந்தவர்களேதான்.

ஒரு குடிலை மட்டும் கூரையோடு திருப்பிக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதற்குள் நின்று பாருங்கள். அடுப்பு எரியும் ஓர் அறை, படுக்க ஒரு சின்ன அறை, ஒரு குடும்பத்துக்கு அவ்வளவுதான். பாதையை ஒட்டியும் வரிசைக் கடைசியிலும் இருப்பவை மற்றவற்றைவிடச் சற்றுப் பெரியவை. வேலை வாங்கிய ‘டிரைவர்’களுக்கு, அதாவது அடிமைகளிலிருந்தே மேற்பார்வைக்கு நியமிக்கப்பட்டவர்களுக்கு, கொடுத்தவை.

வரலாற்றை நான் விரிக்கப்போவதில்லை, பலகைகளில் நன்றாகவே எழுதியிருக்கிறது. பலகையைப் படிக்கும்போது குழம்பாமல் இருக்க நான்கு செய்தி மட்டும். செஃபனாயா கிங்ஸ்லி இந்தத் தோட்டத்துக்கு வந்தது 1814இல். இங்கே முக்கியப் பயிர் கடல்தீவுப் பருத்தி என்ற நீள இழைப் பருத்தி. அவருடைய மனைவி ஆனா மட்கிஜின் ஜாய், செனகலில் பிறந்தவர். 1806இல் கியூபாவின் ஹவானாவில், பதின்மூன்று வயதுப் பெண்ணாகக் கிங்ஸ்லியால் விலைக்கு வாங்கப்பட்டவர், 1811இல் விடுதலை பெற்றவர். பின்னாளில் ஆனாவும் அடிமைகளை வைத்திருந்தார். இந்தக் கடைசி வரியில்தான் எல்லாரும் ஒரு நிமிடம் நிற்பார்கள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து ‘சரியாத்தான் படிக்கிறியா?’ என்று கேட்டார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1968இல் சார்ல்ஸ் ஃபேர்பேங்க்ஸ் என்ற தொல்லியலாளர் இந்தக் குடில்களில்தான் தோண்டினார். முதலாளியின் வீட்டை விட்டுவிட்டு அடிமைகள் வாழ்ந்த இடத்தைத் தோண்டி அவர்கள் வாழ்வை அறிய முயன்ற தொடக்க ஆய்வுகளில் ஒன்று அது. பிறகு ஃப்ளோரிடா பல்கலைக்கழகக் குழு செய்த ஆய்வில், 2010இல் அடிமைகளைப் புதைத்த இடமும் தெரியவந்தது. ஆகவே புல்வெளி என்று நினைத்து எங்கே வேண்டுமானாலும் பாய் விரிக்காதீர்கள். சாப்பிடுவதற்குக் குடில் பக்கத்தைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பது நாகரிகம்.

குடில்கள் முடிந்தபின் தொழுவம், அதுவும் டாபிச் சுவர்தான். பிறகு பருத்தியும் அவுரியும் வளர்த்துக் காட்டும் சிறு தோட்டம். பருவம் சரியாக இருந்தால் காய் வெடித்து நிற்கும். அப்புறம் சமையல் கட்டடம், அதைத்தான் ‘மேம் ஆனா வீடு’ என்கிறார்கள். கடைசியாகப் பெரிய வீடு. இந்த வரிசையில் வந்தால் பெரிய வீடு யார் முதுகின் மேல் நிற்கிறது என்று தெரிந்துகொண்டே அதன் திண்ணைக்குப் போவீர்கள்.

8. வீட்டுக்குள் போக வேண்டுமென்றால்

1798இல் கட்டிய வீடு. ஃப்ளோரிடாவில் இன்றும் நிற்கும் தோட்ட வீடுகளில் மிகப் பழையது. வெளியிலிருந்து எப்போதும் பார்க்கலாம், உள்ளே போவது தனிக் கதை. வழக்கமாக வார இறுதியில் மட்டும், பூங்கா ஊழியரான ரேஞ்சர் ஒருவர் சின்னக் குழுவாகக் கூட்டிப்போவார், முன்பதிவு செய்ய வேண்டும். கட்டடம் பழுதுபார்ப்பில் இருந்தால் அதுவும் இல்லை. எனவே தேதியைக் குறிக்கும் முன்பே பூங்காவுக்குப் போன் செய்து மூன்றைக் கேளுங்கள்: இந்த வாரம் வீட்டுச் சுற்று நடக்கிறதா, எத்தனை பேருக்கு இடம், படி ஏற முடியாதவர்களுக்கு வழி உண்டா. போனை எடுக்காவிட்டால் குரல்பதிவில் பெயர், எண், தேதி சொல்லி வையுங்கள்.

இடம் கிடைக்கவில்லையா? பெரிதாக வருத்தப்பட வேண்டாம். அறைகளுக்குள் மரச்சாமான் அலங்காரம் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் எப்படியும் ஏமாறுவார்கள். சமையல் கட்டடத்திலும் தொழுவத்திலும் உள்ள விளக்கப் பலகைகளிலேயே விஷயம் நிறைய.

9. கேமரா

சொந்தப் படத்துக்குத் தடையில்லை. ட்ரோன் கூடவே கூடாது, எல்லாத் தேசியப் பூங்காக்களிலும் தடை. 2025இல் வந்த சட்டப்படி, ஐந்து பேருக்குள், கையில் தூக்கும் கருவிகளோடு, மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் எடுத்தால் தொழில்முறைப் படப்பிடிப்புக்கும் பொதுவாக அனுமதி வாங்க வேண்டியதில்லை. குழு பெரிதானால் முன்கூட்டியே பூங்கா அலுவலகத்தைக் கேளுங்கள்.

அனுமதி ஒரு பக்கம் இருக்கட்டும். வளைகாப்புப் படமும் கல்யாணத்துக்கு முந்தைய ‘ஷூட்’டும் எடுக்க அந்த மரச்சாலை அழகான இடம்தான். ஆனால் குடில் சுவரில் சாய்ந்து பட்டுச்சேலையில் சிரிக்கும் படம் வேண்டாம். அந்தப் பக்கத்திலேயே தன் பாட்டன் பூட்டனைத் தேடி வந்த கறுப்பினக் குடும்பம் ஒன்று பலகையைப் படித்துக்கொண்டு நிற்கலாம்.

சிப்பி, ஓட்டுச் சில்லு, செங்கல் துண்டு எதையும் எடுத்து வராதீர்கள். மத்திய அரசின் தொல்பொருள் சட்டம் இதில் கடுமையானது. பிள்ளைகளின் சட்டைப்பையைக் காரில் ஏறும் முன் ஒரு தடவை தட்டிப் பாருங்கள்.

10. பெரியவர்களும் பிள்ளைகளும்

தரை சமமாகத்தான் இருக்கும், ஆனால் புல்லும் மண்ணுமாக இருக்கும். சக்கர நாற்காலி போகும், தள்ளுகிறவருக்குக் கை வலிக்கும். முட்டிவலி உள்ளவர்களைக் குடில் பக்கம் இறக்கிவிட்டுவிட்டு ஒருவர் மட்டும் காரை நிறுத்தப் போகலாம். மடக்கு நாற்காலி ஒன்று டிக்கியில் இருந்தால் உதவும். நாயைக் கூட்டி வருகிறவர்கள் ஆறடிக்கு மேற்படாத கயிற்றில் கட்டி வைத்திருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் கேளுங்கள், இலவசம். கேள்விகளுக்கு விடை எழுதிக் காட்டினால் பேட்ஜ் தருவார்கள். கடையிலோ தகவல் மேசையிலோ வந்ததுமே வாங்கிவிடுங்கள். கடைசியில் வாங்கினால் பேட்ஜுக்காக எல்லாரும் மறுபடி ஒரு சுற்று நடக்க வேண்டியிருக்கும். போகும் பூங்காக்களின் முத்திரையைச் சேர்க்கும் பார்க் பாஸ்போர்ட் புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு முத்திரையும் அங்கேதான்.

எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள் ‘அவங்க ஏன் ஓடிப்போகல?’ என்று கேட்பார்கள். பதிலைக் காரிலேயே யோசித்து வையுங்கள். அல்லது ரேஞ்சரிடமே கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் மழுப்பாமல், குழந்தைக்குப் புரிகிற மாதிரி சொல்வார்கள்.

11. மிச்ச நேரத்தில்

மாலை ஐந்துக்கு மூடுகிறார்கள் என்றால் நாலேமுக்காலுக்கே காரில் இருங்கள். மதியமே முடிந்துவிட்டால், வெளியேறி ஏ1ஏ சாலையில் வடக்கே போங்கள். லிட்டில் டால்பட் தீவு மாநிலப் பூங்காவில் நல்ல கடற்கரை, காருக்கு 5 டாலர். அதைத் தாண்டி பிக் டால்பட்டில், வேரோடு சாய்ந்து வெளுத்துப்போன மரங்கள் கிடக்கும் கரை, காருக்கு 3 டாலர். பிக் டால்பட்டில் காசை உறையில் போட்டுப் பெட்டிக்குள் தள்ளும் முறை. மீதி கொடுக்க ஆளில்லை. ஒற்றை டாலர் நோட்டுகள் வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். உறையின் கிழிக்கும் துண்டைக் கார் கண்ணாடியில் தெரியும்படி வைத்துவிட்டு இறங்குங்கள்.